ரோஷினியும் கோரோசனையும்

அக்கா மகளுக்கு ரோஷினி என்று பெயர் வைத்தபோது, எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) முதலில் முகம் சுளித்தவர் அம்மாயிதான். ராமாயி, காளியம்மா, முத்துமாரி என்ற பெயர்களோடு மலையில் கொழுந்து பறித்துப் பழகியவருக்கு அது "சிங்கள ஆளுங்க பேரு". இலங்கை மலையகத்துத் தலவாக்கலைக் கடைவீதியில் ரோஷனி என்று சிங்களப் பெண்களை அழைப்பது அவ்வப்போது காதில் விழுவதால், அவர் அப்படி நினைத்ததில் வியப்பில்லை. ஆனால் அந்தப் பெயர் சிங்களத்தில் பிறந்ததும் அன்று, தமிழில் பிறந்ததும் அன்று.

அது பாரசீகப் பெயர். அம்மொழியில் ரோஷன் என்றால் ஒளி பொருந்தியது என்று பொருள். கி.மு. 327 இல் அலெக்சாந்தர் மணந்த மத்திய ஆசியாவின் பாக்திரியப் பகுதிப் பிரபுவின் மகளுக்கும் இதே வேரிலிருந்து வந்த பெயர்தான். கிரேக்கர் வாயில் அது ரொக்சானே ஆகி, ரொக்சானா என்ற வடிவத்தில் ஐரோப்பா முழுவதும் பரவியது. பாரசீகக் கவி பிர்தௌசியின் காவியமான ஷாநாமாவிலோ அவள் ரோஷனக், அதுவும் பாரசீக மன்னன் தாராவின் மகள். பெயர் நிலைத்துவிட்டது, தகப்பன்தான் மாறிவிட்டார்! முகலாயர் அரசவையில் பாரசீகம் கோலோச்சிய காலத்தில் ஷாஜகானின் மகள் ரோஷனாரா (1617–1671) தில்லியில் அமைத்த தோட்டம் இன்றும் அவர் பெயரிலேயே இருக்கிறது. இந்தியிலும் உருதுவிலும் ரோஷனி என்பது வெளிச்சத்தைக் குறிக்கும் அன்றாடச் சொல். அது நம்மிடம் வந்து சேர்ந்தபோது மாலினி, நந்தினி, பத்மினி ஆகியவற்றின் சாயலில் ரோஷினி என்று ஈறு மாறியதால்தான், பலர் அதை வடமொழிப் பெயர் என்றே நம்புகிறார்கள் என்பது என் எண்ணம்.

பிறப்பைப் பதியச் சென்ற இடத்தில் அதை ரோகினி என்று எழுதிவிட்டார்கள். அதைத் திருத்த அலைந்ததில் அத்தானுக்கு இரண்டு நாள் சம்பளம் போனது. ரோகிணி என்பது செம்மையைக் குறிக்கும் வேறு வேரிலிருந்து வந்த, நட்சத்திரத்தின் பெயர். ஒலி நெருக்கத்தைத் தவிர இரண்டுக்கும் உறவில்லை.

உறவு இருப்பது வேறோரிடத்தில். பாரசீகமும் சமஸ்கிருதமும் ஒரு குடும்பத்து மொழிகள் என்பதால், ரோஷனுக்கு இணையான வேர் சமஸ்கிருதத்திலும் உண்டு: ஒளிர்தலைக் குறிக்கும் 'ருச்'. அதிலிருந்து வந்த ரோசனா என்ற சொல், பசுவைக் குறிக்கும் 'கோ'வோடு சேர்ந்து, பளிச்சென்ற மஞ்சள் நிறத்தால், பசுவின் பித்தப்பையில் கிடைக்கும் மருந்துப் பொருளுக்குக் கோரோசனை என்று பெயர் ஆயிற்று.

இதை நான் விளக்கியபோது அம்மாயி குழந்தையை மடியில் கிடத்தி, கோரோசனை மாத்திரையைத் தாய்ப்பாலில் உரைத்து, மஞ்சள் படிந்த சுண்டுவிரலால் அதன் நாக்கில் தடவிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே கேட்டார்:

"அப்ப கோரோசனைன்னே வச்சிருக்கலாமே?"