மார்ச் 2012 பதிவு

"எந்த வருஷத்து வண்டி தம்பி இது?" என்று, பழைய காரை வாங்கும் முன் சோதித்துச் சொல்ல என்னை அழைத்திருந்த பெரியவர் கேட்டதற்கு நான் சொன்ன பதிலில் பொய் என்று எதையும் யாரும் காட்ட முடியாது. "2012 மார்ச் பதிவு சார்" என்றேன். ஆர்.சி.யில் அப்படித்தான் இருந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்து "மாடல் 2012" என்று எழுதிக்கொண்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சொன்ன பதிவு அவருடைய நோட்டில் மாடலாக மாறுவதற்கு இரண்டு மூன்று விநாடிகள் ஆகியிருக்கும். குறுக்கே புகுந்து ஒரு வார்த்தை சொல்ல அந்த அவகாசம் தாராளம்.

வண்டி அதற்கு முந்தைய ஆண்டில் தயாரானது என்பது எனக்குத் தெரியும். சந்தேகமாகத் தெரியும் என்றுகூடச் சொல்ல முடியாது, திட்டவட்டமாகத் தெரியும். அதற்கு அரை மணி நேரம் முன்புதான் சேசிஸ் எண்ணின் மேல் செல்லோ டேப்பை ஒட்டி, பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுத்திருந்தேன். பதினேழு எழுத்துகளில் பத்தாவது எழுத்து 'பி'. இந்த ஹூண்டாய் ஐ10 வண்டிகளில் அந்த இடம் ஆண்டுக்கானது: 2010-க்கு 'ஏ', 2011-க்கு 'பி', 2012-க்கு 'சி'. வேறு சில நிறுவனங்களின் பழைய வண்டிகளில் அந்த இடத்தில் வெறும் சுழியம்தான் இருக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்பதால் எழுத்தை மட்டும் நம்பும் வழக்கம் எனக்கு இல்லை. டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியையும் பார்த்தேன். ஓடிய டயர்கள் நான்கும் இடையில் மாற்றப்பட்டவை. அவற்றின் பக்கச் சுவரில் 2016 தேதி இருந்தது. ஸ்டெப்னி மட்டும் வண்டியோடு வந்தது, தரையைத் தொட்டதேயில்லை, ரப்பர் முடிகள்கூட உதிரவில்லை. அதில் 4411 என்று இருந்தது. 2011-ஆம் ஆண்டின் நாற்பத்து நான்காவது வாரம், அதாவது நவம்பர் தொடக்கம். கதவுக் கண்ணாடிகளில் இருந்த தயாரிப்புக் குறிகளும் அதே கணக்கைச் சொல்லின. வண்டி நவம்பரிலோ டிசம்பரிலோ ஆலையைவிட்டு வெளியே வந்து, ஷோரூம் யார்டில் வெயிலில் கிடந்து, மார்ச்சில் பதிவாகியிருக்கிறது.

இந்தத் தொழிலில் இது தினமும் பார்ப்பதுதான். வருடக் கடைசியில் தள்ளுபடி போட்டு இருப்பைக் காலி செய்வார்கள். அதில் தப்பிய வண்டியை ஜனவரிக்கு மேல் இன்னும் கொஞ்சம் குறைத்துக் கொடுப்பார்கள். முதல் சொந்தக்காரர் 2011 தயாரிப்பு என்று தெரிந்தே குறைந்த விலைக்கு வாங்கியிருப்பார். ஆறு வருடம் கழித்து விற்கும்போது அதே வண்டி 2012 ஆகிவிடும். முதல் ஆளுக்குக் கிடைத்த தள்ளுபடியை இரண்டாவது ஆள் தன் கையிலிருந்து கொடுக்கிறார் என்று இதைச் சொல்லலாம். நான் அன்றைக்கு அப்படி யோசிக்கவில்லை. சட்டப்படி பதிவுச் சான்றின் பதினைந்து ஆண்டுகள் பதிவு நாளிலிருந்துதான் ஓடுகின்றன. அந்த வண்டிக்கு மார்ச் 2027 வரை உயிர் உண்டு, 2011 தயாரிப்பு என்பதால் ஒரு நாள்கூடக் குறையாது. அரசாங்கமே பதிவைத்தான் கணக்கில் எடுக்கிறது என்றால் நான் அதைச் சொன்னதில் என்ன குற்றம் என்று இன்றுகூட சில நாள் எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் அவர் அரசாங்கத்தைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார். அதற்காக எனக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கூலியும் பேசியிருந்தார்.

என் பக்கத்தையும் முழுதாகச் சொல்லிவிட வேண்டும். அந்த வண்டியை நான் மேம்போக்காகப் பார்க்கவில்லை. 2018-இல் சென்னையில் எந்தப் பழைய வண்டியைப் பார்த்தாலும் எனக்கு முதல் கேள்வி 2015 டிசம்பர் வெள்ளத்தில் அது எங்கே நின்றது என்பதுதான். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தேன். தண்ணீர் ஏறிய வண்டியில், வழக்கமாகச் சுருண்டு உள்ளேயே இருக்கும் அந்தக் கடைசி முழத்தில் சேற்றுக் கறை கோடு போட்டிருக்கும், மேலே எவ்வளவு பாலிஷ் போட்டாலும் அது போகாது. சீட்டின் அடியில் தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் துரு இல்லை. கால்மிதியைத் தூக்கி அடியில் இருக்கும் பஞ்சைப் பிழிந்து, விரலை முகர்ந்தேன். ஃபியூஸ் பெட்டியில் பச்சை பூத்த இணைப்பு எதுவும் இல்லை. வெள்ளம் பார்க்காத வண்டி என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன், அது உண்மை.

குறைகளையும் மறைக்கவில்லை. நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் லேசாக ஆட்டி, 'டிக் டிக்' என்ற சத்தத்தை அவரையே காதால் கேட்க வைத்தேன். மின்மோட்டார் ஸ்டீயரிங் உள்ள வண்டிகளில் ஸ்டீயரிங் தண்டுக்குள் இருக்கும் ஒரு சின்ன ரப்பர் கப்ளர் தேய்ந்து உதிர்வதால் வரும் சத்தம் அது. ரப்பரின் விலை சொற்பம், தண்டை இறக்கி ஏற்றும் கூலிதான் அதிகம் என்று விளக்கினேன். வேகத்தடையில் முன்பக்கம் கடகடவென்றது சஸ்பென்ஷனில் உள்ள லிங்க் ராட். கிளட்ச் மிகவும் மேலே பிடித்தது. இது 1.1 எஞ்சின், டைமிங் பெல்ட் உள்ளது, 1.2 போலச் செயின் அல்ல. பெல்ட் மாற்றிய பில் எதுவும் இல்லாததால், வாங்கியதும் முதல் வேலையாக அதை மாற்றிவிடுங்கள் என்றேன். அறுபத்திரண்டாயிரம் கிலோமீட்டர் என்று மீட்டர் சொன்னதை பெடல் ரப்பரின் தேய்மானத்தோடும் டயர் தேதியோடும் ஒப்பிட்டு, திருத்தப்பட்டதாகத் தெரியவில்லை என்றேன். இவற்றையெல்லாம் தரகரிடம் அடுக்கி, கேட்ட விலையில் பதினெட்டாயிரம் குறைத்துக் கொடுத்ததும் நான்தான். ஒரு வருட வித்தியாசத்துக்கு அந்த வண்டியில் பத்து, பன்னிரண்டாயிரத்துக்கு மேல் யாரும் குறைத்திருக்க மாட்டார்கள். அதைவிட அதிகமாகவே அவருக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்தேன் என்று எத்தனையோ முறை எனக்கு நானே கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். கணக்கு ஒவ்வொரு முறையும் சரியாகவே வருகிறது. ஆனால் அந்தப் பத்தாயிரமும் சேர்ந்து குறைந்திருக்க வேண்டியதுதானே என்று கேட்டால் அதற்கும் பதில் இல்லை.

ஆர்.சி. விஷயம் இதைவிடச் சிக்கலானது. பதிவுச் சான்றில் தயாரித்த மாதமும் ஆண்டும் தனியாக அச்சிடப்பட்டிருக்கும். அது அவர் கையில் இருந்தது. அஞ்சலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், காகிதம் படிக்கத் தெரியாதவர் அல்ல. பார்த்திருந்தால் 11/2011 என்பதைப் பார்த்திருப்பார். அவர் ஏன் பார்க்கவில்லை என்றால், வேறொன்றைப் பார்க்கும்படி நான்தான் சொன்னேன். "கடன் நீக்கியிருக்காங்களா பாருங்க சார், அதுதான் முக்கியம்" என்று ஹைபோதிகேஷன் (வங்கிக் கடன்) வரியின் மேல் விரலை வைத்துக் காட்டினேன். அது முக்கியம்தான், வங்கியின் பெயர் நீங்காத வண்டியை வாங்கி அலைந்தவர்கள் பலர். ஆனால் அந்த நேரத்தில் என் விரல் தேவையான வரியைக் காட்டிக்கொண்டிருந்ததா, தேவையில்லாத வரியை மறைத்துக்கொண்டிருந்ததா என்பது எனக்கு நினைவில்லை. நினைவில்லை என்று எழுதும்போதே, நினைவில்லாதது எனக்கு எவ்வளவு வசதியாக இருக்கிறது என்பதும் தெரிகிறது.

தரகர் நாலடி தள்ளிச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். எனக்கு வரும் வேலையில் பாதிக்கு மேல் அவர் வழியாகத்தான் வந்தது. "ஆளைக் கூட்டிட்டு வந்து பார்த்துக்கோங்க, எனக்கும் தெரிஞ்ச பையன் ஒருத்தர் இருக்காரு, நியாயமா சொல்லுவாரு" என்று வாங்க வருகிறவர்களிடம் என் எண்ணைக் கொடுப்பவர். வாங்குகிறவரிடம் கூலி வாங்கிக்கொண்டு விற்கிறவரின் சிபாரிசில் பிழைப்பது சரியான ஏற்பாடு அல்ல என்பது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாடல் கேள்வி வந்தபோது அவர் என்னைப் பார்த்தார் என்றுதான் நான் வெகு காலம் நம்பியிருந்தேன். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் பதிவு என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தேன் என்றும் நம்பினேன்.

ஒன்பது பத்து மாதம் கழித்து அந்தப் பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். புகார் சொல்லத்தான் அழைக்கிறார் என்று எண்ணி, சொல்ல வேண்டியதையெல்லாம் மனதில் வரிசைப்படுத்திக்கொண்டே எடுத்தேன். அவர் வண்டி நன்றாக ஓடுகிறது, பெல்ட் மாற்றிவிட்டேன், கப்ளர் மாற்றிய பிறகு சத்தமே இல்லை என்றெல்லாம் சொல்லிவிட்டு, "இன்சூரன்ஸ் ரினியூவல்ல ஒரு தப்பு நடந்திருக்கு தம்பி. தயாரிப்பு வருஷம்னு 2011 போட்டிருக்காங்க. இதைத் திருத்த எங்க எழுதணும்?" என்று கேட்டார்.

காப்பீட்டு நிறுவனத்தின் அச்சடித்த காகிதத்தைவிட அவருடைய குட்டி நோட்டை அவர் நம்பியிருந்தார். அந்த நோட்டில் இருந்தது என் வாய்வழி வந்த சேதி.

"அது தப்பு இல்லை சார். தயாரிப்பு 2011, பதிவு 2012. ஆர்.சி.யிலயும் இருக்கும்" என்றேன். அந்தப் பக்கத்தில் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவர், "ஆமாம், இருக்கு. நான்தான் அன்னைக்கு நீங்க சொன்னதை மாத்தி எழுதிக்கிட்டேன் போல. உங்களை வேற தொந்தரவு பண்ணிட்டேன்" என்றார். ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்குக் காப்பீட்டு மதிப்பை இரு தரப்பும் பேசித்தான் முடிவு செய்வார்கள், அதனால் உங்களுக்கு நட்டம் ஒன்றுமில்லை என்று நான் அவசரமாகச் சொன்னேன். அதுவும் உண்மைதான். அவர் அதைக் கேட்கவே இல்லை. நன்றி சொல்லி வைத்துவிட்டார். திட்டியிருந்தால் பதில் தயாராக இருந்தது. தவறைத் தன் மேல் போட்டுக்கொள்கிறவரிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை, "இல்லை சார், நான்தான்" என்ற மூன்று சொற்களைத் தவிர. அதை நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு என் சோதனைத் தாளில் தயாரிப்புக்கு ஒரு கட்டமும் பதிவுக்கு ஒரு கட்டமும் தனித்தனியாகப் போட்டேன். தரகர் வேலை தருவதை நிறுத்திவிடுவார் என்று எதிர்பார்த்தேன். நிறுத்தினால் பரவாயில்லை என்று ஒருவித வீம்போடுதான் அந்தத் தாளை முதல் முறை அவர் கண்முன்னே நிரப்பினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இது ஆர்.சி.யிலேயே இருக்கே, இதை எதுக்கு மெனக்கெட்டு எழுதுறே?" என்றார். அவ்வளவுதான். வேலையும் வழக்கம்போலவே வந்துகொண்டிருக்கிறது. அன்று அவர் என்னைப் பார்த்ததாக நான் நினைத்த அந்தப் பார்வை என்னவென்று இப்போது எனக்கே புரியவில்லை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வண்டியைப் பார்த்தாரோ என்னவோ. அவர் மிரட்டவில்லை, கேட்கவுமில்லை என்றால் நான் யாருக்காக அப்படிச் சொன்னேன் என்ற இடத்தில் வந்து நிற்கிறேன்.

தாளில் இரண்டு கட்டங்களையும் ஒழுங்காகத்தான் நிரப்புகிறேன். ஆனால் யாராவது வாய்விட்டு "எந்த வருஷத்து வண்டி?" என்று கேட்டால், இன்றும் என் வாயில் முதலில் வருவது பதிவுதான். தயாரிப்பு அதற்குப் பிறகு, கொஞ்சம் தாமதித்து வருகிறது.