பேட்டரி காரில் நான்கு நிலைச் சுவிட்ச்: டையோடு இல்லாமல் விளக்குகள்

ஒரே குமிழ், நான்கு நிலைகள், டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் உறுப்பு) ஒன்றுகூட இல்லை. மகள் ஏறி ஓட்டும் 12 வோல்ட் பொம்மைக் காரில் விளக்குகள் இப்போது நான் தாளில் வரைந்தபடியே எரிகின்றன. முதல் நிலையில் எல்லாம் அணைந்திருக்கும். இரண்டாவதில் முன்புறச் சிறு விளக்குகளும் பின் சிவப்பு விளக்குகளும் எரியும். மூன்றாவதில் அவற்றுடன் ஹெட்லைட் சேர்ந்துகொள்ளும், நான்காவதில் கூரை மேலுள்ள விளக்குப் பட்டையும்.

இதற்குப் பெரும்பாலோர் ஒரே ஒரு போல் (pole, குமிழோடு சேர்ந்து சுற்றும் தனி இணைப்பு வரிசை) உள்ள சுழல் சுவிட்சை வாங்கி, மேல் நிலையிலிருந்து கீழ் நிலைக்கு டையோடு போட்டு மின்சாரத்தைக் கடத்துகிறார்கள். வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் சாதாரண சிலிக்கான் டையோடு வழியில் முக்கால் வோல்ட்டை விழுங்கிவிடும். பிறகு பழுது பார்க்கும்போது எந்த டையோடு எதற்கு என்று நமக்கே மறந்துபோகும். மூன்று போல், நான்கு நிலைச் சுவிட்ச் இருக்கும்போது அந்தத் தொல்லை எதற்கு? விளக்குக் குழு ஒன்றுக்கு ஒரு போல். கணக்கு முடிந்தது.

உள்வட்டத்தில் ஏ, பி, சி என மூன்று காமன் முனைகள், அதாவது போலுக்கு ஒரு பொது முனை. மூன்றையும் சேர்த்து ஃபியூஸ் வழியாக பேட்டரியின் பாசிட்டிவுக்குக் கொடுத்தேன். வெளிவட்டத்தில் 12 முனைகள்: 1 முதல் 4 வரை ஏ, 5 முதல் 8 வரை பி, மீதி சி. சிறு விளக்குகளுக்கு 2, 3, 4 முனைகளை இணைக்க வேண்டும். ஹெட்லைட்டுக்கு 7, 8. கூரைப் பட்டைக்கு 12 மட்டும். மற்ற ஆறும் காலி.

சொல்வது சுலபம், ஈயம் வைப்பதுதான் பாடு. முனைகள் நெருக்கமாக நிற்கின்றன. அதிலும் 4-க்கும் 5-க்கும் நடுவில் ஒரு துளி ஈயம் பாலம் போட்டுவிட்டால், குமிழ் அணைத்த நிலையில் இருக்கும்போதே சிறு விளக்குகள் எரியும். காரணம் எளிது: முதல் நிலையில் பி காமன் 5-ஐத் தொடுகிறது, 5 வழியாக 4-க்கு மின்சாரம் போய்விடுகிறது. அதனால் ஈயம் பூசிய மெல்லிய வெறுங்கம்பியை முனைகளின் துளைகளில் முதலில் கோத்து, பிறகுதான் சூட்டுக்கோலைத் தொட்டேன். ஒரு முனையில் இரண்டு மூன்று நொடிக்கு மேல் வைக்கக் கூடாது. உடல் பிளாஸ்டிக், இளகினால் முனை சாய்ந்துவிடும். ஈயம் நன்றாக ஒட்டப் பூசும் ஃபிளக்ஸையும் அள்ளிப் பூச வேண்டாம். உள்ளே இறங்கித் தொடுபுள்ளியில் படிந்தால் சுவிட்ச் வீண். பின்பக்கமிருந்து பார்க்கும்போது வரிசை தலைகீழாகச் சுற்றும் என்பதால், ஒவ்வொரு நிலையையும் மல்டிமீட்டரின் பீப் ஒலியில் சரிபார்த்த பிறகே இணைத்தேன்.

முகப்பில் நட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு முளை இருக்குமே, அதை இடைஞ்சல் என்று ஒடித்துப் போடுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். பலகையில் அதற்கென ஒரு துளை போட்டால்தான் சுவிட்சின் உடல் அசையாமல் நிற்கும். குழந்தை குமிழைப் பிடித்து முறுக்குகிற முறுக்குக்கு, முளை இல்லையென்றால் நட்டு தளர்ந்து சுவிட்சே சுற்றி, பின்னால் கம்பிகள் எல்லாம் கயிறு போலத் திரிந்து அறுந்துவிடும்.

இந்தச் சுவிட்சை அனுப்பிய கடைக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேட்டது மூன்று போல், வந்தது இரண்டு போல் ஆறு நிலை. வெளியில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. உள்வட்ட முனைகளை எண்ணினால்தான் தெரியும். "எல்லாம் ஒன்றுதான் சார்" என்று பதில் வேறு. மாற்றித் தந்தார், முணுமுணுத்துக்கொண்டே.

ஹெட்லைட்டில் வெள்ளை எல்இடிகளை மூன்று மூன்றாகத் தொடராக இணைக்காமல் இரண்டிரண்டாக இணைத்து, ஒவ்வொரு ஜோடிக்கும் 330 ஓம் மின்தடை போட்டிருக்கிறேன். ஒரு வெள்ளை எல்இடி ஏறத்தாழ 3.2 வோல்ட் எடுக்கும். முழு சார்ஜில், 12.7 வோல்ட்டில், மூன்று எல்இடிக்கு 150 ஓம் போட்டாலும் இரண்டுக்கு 330 போட்டாலும் 20 மில்லி ஆம்பியர் சுமாருக்கு வந்துவிடும். மோட்டார் கிளம்பும்போது பேட்டரி 11 வோல்ட்டுக்குச் சரிந்தால், மூன்று தொடரில் 9 மில்லி ஆம்பியர்தான் மிஞ்சும். இரண்டு தொடரில் 14 நிற்கும். மிதியை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் விளக்கு மங்குவதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. மின்சாரம் சற்று வீணாகிறது, ஆகட்டும்.

பின் விளக்குகளின் மூடி இன்னும் ஒட்டவில்லை, அதற்குள் ரிவர்ஸ் விளக்கில் மனம் போய்விட்டது. பின்னோக்கிப் போகும்போது மோட்டாரின் துருவம் மாறுகிறது அல்லவா, அந்தக் கம்பிகளிலேயே ஒரு டையோடு, ஒரு மின்தடை, ஒரு எல்இடி. தனிச் சுவிட்ச் வேண்டாம். இவ்வளவு திட்டிய டையோடு இந்த இடத்தில் மட்டும் கட்டாயம் வேண்டும். எல்இடி தலைகீழ் மின்னழுத்தத்தைத் தாங்காது, மோட்டாரோ அணையும்போது உதைக்கும். 1என்4007 என்ற டையோடு போதும்.

இண்டிகேட்டருக்குப் பழைய வகை வெப்ப ஃபிளாஷர் ஆகாது. குண்டு பல்பின் சுமை இருந்தால்தான் அது ஒழுங்காகச் சிமிட்டும். 555 என்ற டைமர் ஐசி கொண்டு ஒன்று கட்டப்போகிறேன். நடுவில் நிற்கும் மூன்று நிலை டாகிள் சுவிட்சுக்கு டேஷ்போர்டில் ஓட்டையும் போட்டாயிற்று. சுவிட்ச் மட்டும் அதே கடைக்காரரிடமிருந்து வர வேண்டும். இந்த முறை முனைகளின் படத்தையே வரைந்து அனுப்பியிருக்கிறேன்.