இலோய்லோவில் நின்றுபோன செய்தி

2020-ஆம் ஆண்டு மே 5-ஆம் தேதி இரவு, பிலிப்பைன்ஸின் மிகப் பெரிய தொலைக்காட்சி நிலையமான ஏபிஎஸ்-சிபிஎன் தன் ஒளிபரப்பை நிறுத்தியது. நாடாளுமன்றம் கொடுத்திருந்த 25 ஆண்டு உரிமம் முந்தைய நாளோடு முடிந்திருந்தது. அதைப் புதுப்பிக்க விடமாட்டேன் என்று அதிபர் டுடெர்டே முன்பே பகிரங்கமாகச் சொல்லியிருந்தார். ஜூலை 10-ஆம் தேதி நாடாளுமன்றக் குழு 70-க்கு 11 என்ற வாக்கில் விண்ணப்பத்தை நிராகரித்தது. சுமார் 11,000 ஊழியர்களின் பிழைப்பு கேள்விக்குறியானது.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உட்கார்ந்துகொண்டு இதைப் பற்றி நான் ஏன் கவலைப்பட வேண்டும் என்று என் மைத்துனர் அப்போது கேட்டார். நான் தூத்துக்குடிக்காரன். திருமணமாகி இங்கே வந்த நாளிலிருந்து துறைமுகத்தில், கப்பல்களுக்கு அரிசி, இறைச்சி, காய்கறி கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்க்கிறேன். இங்கே மேடன் வார்ஃப் துறையில் வந்து நிற்கும் கப்பல்களில் பாதிக்கு மேல் சமையலறையில் நிற்பவர் பிலிப்பினோவாகத்தான் இருப்பார். சரக்கை எண்ணி ஒப்படைக்கும் நேரத்தில் மாலுமிகள் சாப்பிடும் அறையில் ஓடும் தொலைக்காட்சியை நானும் பார்த்துக்கொண்டிருப்பேன். வெளிநாட்டில் வேலை செய்யும் பிலிப்பினோக்களுக்காகவே 1994 முதல் அந்த நிலையம் ஓர் அலைவரிசை நடத்துகிறது. பல கப்பல்களில் அதன் பதிவுகள் கைமாறிக்கொண்டே இருக்கும்.

அந்த மே மாதத்தில் தொற்றுக்குப் பயந்து மாலுமிகள் எவரையும் கரையிறங்க விடவில்லை. ஒரு மொத்தச் சரக்குக் கப்பலின் தலைமைச் சமையல்காரர், பனாய் தீவின் இலோய்லோவைச் சேர்ந்தவர், கப்பல் ஏணியின் அடியில் முகக்கவசத்தோடு நின்று என் பட்டியலைச் சரிபார்த்தார். வினிகர் கேன்கள், பூண்டு மூட்டை, பன்றி இறைச்சிப் பெட்டிகள், கடைசியாகக் கருவாடு. எல்லாவற்றுக்கும் டிக் போட்டுவிட்டு, நிலையம் மூடிய செய்தியைச் சொன்னார். தொடர்களைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. அவற்றை எப்படியாவது பார்த்துவிடலாம் என்றார். கிராமத்தில் இருக்கும் அவருடைய தாயார் மாலை நேரத்தில் பார்ப்பது பனாய் வட்டாரத்துக்கென்று அவர்கள் ஹிலிகாய்னோன் மொழியிலேயே வாசிக்கப்படும் செய்தி. எந்த ஊரில் பாலம் உடைந்தது, எந்தக் கடலுக்குப் படகு போகக் கூடாது என்பதை அந்த அம்மாள் அதில்தான் தெரிந்துகொள்வாராம். இனி அவருக்கு யார் சொல்வார்கள் என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விதான் இதை எழுத வைக்கிறது.

பிலிப்பினோ தொலைக்காட்சியின் தரம் என்று பேச்செடுத்தால் எல்லோரும் தொடர்களைத்தான் இழுப்பார்கள். குறை சொல்ல நிறைய இருக்கிறது. மருத்துவமனையில் மாறிப்போன குழந்தைகள், ஏழைப் பெண்ணைக் கன்னத்தில் அறையும் பணக்கார மாமியார், நினைவிழந்து திரும்பும் கணவன் என்று நம் சென்னைத் தொடர்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு எதுவும் புதிதாக இருக்காது. 'ஆங் ப்ரோபின்சியானோ' என்ற போலீஸ் தொடர் 2015 செப்டம்பரில் தொடங்கி 2022 ஆகஸ்டில்தான் முடிந்தது, 1,696 அத்தியாயங்கள். காவல்துறையைக் கெட்டவர்களாகக் காட்டுகிறார்கள் என்று 2018-இல் உள்துறை அமைச்சகமே வழக்குத் தொடரப்போவதாக எச்சரித்தது. ஒரு தொடரைக் கண்டு அரசாங்கம் இவ்வளவு பதறுகிறது என்றால் அது எத்தனை வீடுகளுக்குள் போயிருக்க வேண்டும்! அதே நாட்டில், 2022-இல், போட்டி நிலையமான ஜிஎம்ஏ, அந்நாட்டின் தேசிய நாயகரான ஹோசே ரிசாலின் 1887-ஆம் ஆண்டு நாவலுக்குள் இன்றைய நர்சிங் மாணவி ஒருத்தி போய் விழுவதாக ஒரு தொடர் எடுத்தது. பள்ளியில் கட்டாயப் பாடமாகப் படித்து வெறுத்துப்போன கதையை இளைஞர்கள் தாங்களே தேடிப் போனார்கள். நல்ல கைகளில் கொடுத்தால் அந்த ஊர்த் தொடர் எழுத்து எங்கே போகும் என்பதற்கு எனக்கு இது ஒன்றே போதும்.

என்னை உண்மையில் கோபப்படுத்துவது நண்பகல் நிகழ்ச்சிகள். ஆட்டம், பாட்டு, விளையாட்டு, நடுநடுவே ஏழைகளுக்குப் பணம். மேடைக்கு வருகிறவர் தன் கஷ்டத்தைக் கண்ணீரோடு சொல்ல வேண்டும். எவ்வளவு அழுகிறாரோ அவ்வளவு கைதட்டல். 2006 பிப்ரவரி 4-ஆம் தேதி, அப்படி ஒரு நிகழ்ச்சியின் முதலாண்டு விழாவுக்காக மணிலாவை அடுத்த பாசிக் நகரின் மைதானத்துக்கு வெளியே, பரிசு ஆசையில் நாள் கணக்காகக் காத்திருந்த கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு 70-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2011-இல் வேறொரு நிலையத்தின் நிகழ்ச்சியில் ஆறு வயதுப் பையனை, அவன் கண்ணில் நீர் வழிய, பெரியவர்கள் சிரித்துக்கொண்டிருக்க, ஆபாச ஆட்டம் ஆட வைத்தார்கள். நாடு கொதித்தது. விளம்பரதாரர்கள் சிலர் விலகினார்கள். வறுமையைக் காட்டுவது வேறு, வறுமையை விலை பேசுவது வேறு. இந்த நிகழ்ச்சிகள் செய்தது இரண்டாவதை. எத்தனை பேருக்கு அவற்றால் அரிசி வாங்கப் பணம் கிடைத்தது என்று யார் வாதிட்டாலும் என் மனம் மாறாது.

திரை மக்களோடு ஏற்படுத்திய இந்த நெருக்கம் அரசியலுக்கும் போயிற்று. 'ஈட் புலாகா' என்ற நண்பகல் நிகழ்ச்சியை 1979 முதல் நடத்திய மூவரில் ஒருவரான டிட்டோ சோட்டோ 1992-இல் செனட்டரானார். 2018-இல் செனட் தலைவர். மாலைச் செய்தி வாசித்த நோலி டி காஸ்ட்ரோ 2001-இல் செனட்டர், 2004-இல் துணை அதிபர். திரையிலிருந்து கோட்டைக்குப் போகும் பாதை தமிழர்களுக்குத் தெரிந்ததுதான் என்பதால் இதை நீட்டவில்லை.

செய்தியிலும் பெரிய தவறுகள் நடந்தன. 2010 ஆகஸ்ட் 23-இல் மணிலாவின் ரிசால் பூங்காவில், வேலை நீக்கப்பட்ட காவல் அதிகாரி ஒருவர் ஹாங்காங் சுற்றுலாப் பயணிகள் இருந்த பேருந்தைப் பிடித்து வைத்தார். போலீஸ் எங்கே நிற்கிறது, தன் தம்பியை எப்படி இழுத்துப் போகிறது என்பதையெல்லாம் அவர் பேருந்துக்குள் இருந்த தொலைக்காட்சியில் நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டுப் பயணிகள் இறந்தார்கள்.

இவ்வளவையும் சொன்ன பிறகும் நான் அந்தத் தொலைக்காட்சியின் பக்கம் நிற்கிறேன் என்றால் அதற்குக் காரணம் மொழி. 1953-இல் தொலைக்காட்சி தொடங்கிய நாட்டில் நெடுங்காலம் முக்கியச் செய்தி ஆங்கிலத்தில்தான் மரியாதை பெற்றது. 1987-இல் ஏபிஎஸ்-சிபிஎன்னின் 'டிவி பட்ரோல்' செய்தி நிகழ்ச்சி பிலிப்பினோ மொழியில், மீன் சந்தையில் நிற்கிறவருக்கும் புரிகிற பேச்சில் செய்தி சொல்லத் தொடங்கியது. பிறகு அதே பெயரில் மாகாணங்களுக்கென்று தனித்தனிச் செய்திகள், அந்தந்த மண்ணின் மொழிகளில் வந்தன. இதன் அருமை 2013 நவம்பரில் வந்த யோலாண்டா புயலை நினைத்தால் தெரியும். கடல் பொங்கி ஊருக்குள் வரும் என்ற எச்சரிக்கை முன்கூட்டியே ஒளிபரப்பானது. ஆனால் அது ஆங்கிலக் கலைச்சொல்லாக வந்தது. சுனாமி என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று புயல் தாக்கிய டாக்லோபன் நகரில் பிழைத்தவர்கள் பலர் சொன்னார்கள். இறந்தவர்கள் 6,000-க்கும் மேல். அலை வருகிறது என்று உரிய நேரத்தில், புரியும் மொழியில் சொல்வதைவிட ஒரு தொலைக்காட்சிக்கு வேறென்ன தரம் வேண்டும்?

குழந்தைகளுக்கும் பிலிப்பினோ தொலைக்காட்சி நன்றாகவே செய்தது. அமெரிக்காவின் செசமி ஸ்ட்ரீட்டோடு கூட்டாகத் தொடங்கிய நிகழ்ச்சி 1985-இல் 'பாட்டிபோட்' என்று சொந்தப் பெயரோடு வந்தது. அதில் வரும் ஆமை பொம்மையின் பெயரைச் சொன்னால் ஐம்பது வயது எஞ்சினியர் முகத்திலும் சிரிப்பு வரும். நான் பார்த்திருக்கிறேன். தென்னாப்பிரிக்காவில் 2000-த்தில் தொடங்கிய 'டாகலானி செசமி'யை என் பிள்ளைகள் பார்த்து வளர்ந்தார்கள். ஜூலு மொழியில் எண்ணக் கற்றது அதில்தான். தமிழில் அப்படி எதுவும் இங்கே இல்லை.

அந்தச் சமையல்காரரின் கேள்வி எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. நிறவெறி அரசாங்கம் இழுத்தடித்ததால் இந்த நாட்டுக்குத் தொலைக்காட்சியே 1976-இல்தான் வந்தது. இன்று டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வொர்த் பகுதி வீடுகளில் செயற்கைக்கோள் வழியாகச் சன் டிவி ஓடுகிறது. அடையாற்றில் எவ்வளவு தண்ணீர் என்று மனைவியின் ஆயா சொல்லிவிடுவார். 2022 ஏப்ரலில் டர்பனைச் சுற்றி வெள்ளத்தில் 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது, உம்கேனி ஆற்றைப் பற்றித் தமிழில் ஒரு வரி கேட்க எங்களுக்கு வழி இல்லை. எங்கள் இளையவர்கள் ஆங்கிலத்தில் வாழ்கிறார்கள், தெரிந்துகொள்வார்கள். ஆனால் ஒரு மொழி வீட்டில் பக்திப் பாட்டுக்கும் தொடருக்கும் மட்டும் பயன்பட்டு, பக்கத்துத் தெருவில் நடப்பதைச் சொல்லப் பயன்படாமல் போனால் அது வெகுநாள் தாங்காது. எங்கள் தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் இதைச் சொல்லி வருகிறேன். வாரம் அரை மணி நேரம், இங்கே நடப்பதை இங்கே இருப்பவர்கள் தமிழில் சொல்லும் ஒரு நிகழ்ச்சி, இணையத்திலாவது வேண்டும். ஒலிப்பதிவு தெரிந்த இரண்டு இளைஞர்கள் முன்வந்திருக்கிறார்கள். செய்தி எழுதுகிற பொறுப்பை நான் ஏற்றிருக்கிறேன்.

ஏபிஎஸ்-சிபிஎன்னின் தொடர்களும் ஆட்டபாட்டங்களும் பிழைத்துக்கொண்டன. 2020 அக்டோபரிலேயே வேறொரு அலைவரிசையில் இடம் வாங்கின. 2024 ஏப்ரலில் அதன் நண்பகல் நிகழ்ச்சி பழைய எதிரியான ஜிஎம்ஏவிலேயே வரத் தொடங்கியது. மாகாணச் செய்திகள் 2020 ஆகஸ்ட் 28-ஆம் தேதியோடு நின்றன. தொடர்களுக்குக் கிடைத்த அடைக்கலம் அவற்றுக்குக் கிடைக்கவில்லை. அவற்றில் விளம்பர வருமானம் குறைவு. செபுவில் ஜிஎம்ஏ இன்னும் செபுவானோ மொழியில் செய்தி தருகிறது. அதையும் யாராவது கணக்குப் பார்த்து நிறுத்திவிடக் கூடாது.