‘பேன்’ சுழன்றாலும் நூற்றுக்கு நூறா?

மாணவர் ஆங்கிலத்தில் வாசித்ததை, பேச்சை எழுத்தாக்கும் ஏஐயான விஸ்பர் மாடலிடம் கொடுத்து எழுத்தாக்கி, மூல வாக்கியத்தோடு ஒப்பிட்டு உச்சரிப்புக்கு மதிப்பெண் போடுவது சுலபம். ஆனால் அது உச்சரிப்பை அளப்பதில்லை. ‘சுவிட்ச் ஆன் த ஃபேன்’ என்பதைப் பிள்ளை ‘பேன்’ என்று முடித்தாலும் விஸ்பர் பெரும்பாலும் ‘ஃபேன்’ என்றே எழுதும். 6,80,000 மணி நேர ஒலிப்பதிவில் பழகிய மாடல் அது. முன்னால் வந்த சொற்களை வைத்து அடுத்ததை ஊகித்துவிடும். அதே ‘பேன்’ தனிச்சொல்லாக வந்தால் வேறு வார்த்தை விழும். ஒரே பிழைக்கு ஓரிடத்தில் முழு மதிப்பெண், இன்னோரிடத்தில் பூஜ்யம்!

ஒலி ஒலியாகப் பார்க்க வேண்டும். அதற்கு விட், யங் என்ற ஆய்வாளர்கள் 2000இல் எழுதிய ஜிஓபி (ஓர் ஒலி எவ்வளவு சரியாக உச்சரிக்கப்பட்டது என்று காட்டும் எண்) அளவீடு இன்றும் நல்ல தொடக்கம். மான்ட்ரியல் ஃபோர்ஸ்டு அலைனர் போன்ற கருவியால் ஒவ்வொரு ஒலியும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் துண்டில் எதிர்பார்த்த ஒலிக்கு, ஒலிகளை அடையாளம் காணும் மாடல் தரும் நிகழ்தகவின் லாகிலிருந்து (மடக்கை), அங்கே முந்தி நிற்கும் ஒலியின் லாகைக் கழித்துச் சராசரி எடுங்கள். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் நல்லது. சரி, பிழை என்று பிரிக்கும் வெட்டுப்புள்ளியை ஒவ்வொரு ஒலிக்கும் தனியாக வையுங்கள்.

இதற்கு வேவ்டுவெக் 2.0 என்ற பேச்சொலி மாடலைப் பயன்படுத்துவோர் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 20 மில்லிசெகண்டுக்கு ஒரு ஃபிரேம் (மாடல் பார்க்கும் சிறு ஒலித்துண்டு) வரும். எந்த ஒலி எங்கே என்று குறித்துத் தராமலே பழக்கும் சிடிசி முறையில் பழக்கியிருந்தால் ஒன்றிரண்டு ஃபிரேமில்தான் ஒலி தலைகாட்டும், மீதியெல்லாம் ‘பிளாங்க்’ என்ற வெற்றுக்குறி. அப்படியே சராசரி எடுத்தால் நன்றாகப் பேசியவரும் தோற்பார். பிளாங்க்கை நீக்கிவிட்டு, மற்ற நிகழ்தகவுகளின் கூட்டுத்தொகை 1 ஆகும்படி மாற்றிக்கொண்டு கணக்கிடுங்கள்.

ஜிஓபிக்குக் கூடுதல் ஒலி தெரியாது. ‘இஸ்கூல்’ என்றால் முன்னால் வந்த ‘இ’ மௌனத்திலோ ‘ஸ்’ஸிலோ கரைந்துவிடும். அலைனர் பயன்படுத்தும் உச்சரிப்பு அகராதியில் அந்த வடிவத்தையும் சேர்த்து, எதை அது தேர்ந்தெடுக்கிறது என்று பாருங்கள். பலரும் எடுக்கும் சிஎம்யூ உச்சரிப்பு அகராதி அமெரிக்க உச்சரிப்பு என்பதையும் மறக்க வேண்டாம்: நம்மூர் ‘க்ளாஸ்’ அதன் கண்ணுக்குப் பிழை. இந்திய வடிவத்தையும் சரியென்று சேர்த்துவிடுங்கள். ஆங்கில ‘t’, ‘d’ ஒலிகளை நம் ‘ட’ போல நாக்கை மடித்துச் சொன்னதற்கெல்லாம் மதிப்பெண் குறைப்பது அநியாயம். ப/ஃப போலப் பொருளையே மாற்றும் குழப்பங்களில் கண்டிப்பு போதும்.

பதிவு 16 கிலோஹெர்ட்ஸ், மோனோ. பல ப்ளூடூத் ஹெட்செட்கள் மைக்கை இயக்கியதும் 8 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் மிஞ்சாது. ‘ஸ்’ஸையும் ‘ஃப்’பையும் பிரித்துக்காட்டும் சீறல் பெரும்பகுதி அங்கேதான். பிறகு 16க்கு உயர்த்தினாலும் போனது போனதுதான்.

வெட்டுப்புள்ளிகளை இரவல் வாங்காதீர்கள். உச்சரிப்பு மதிப்பீட்டுக்கான ஸ்பீச்ஓஷன்762 ஒலிப்பதிவுத் தொகுப்பின் 250 பேரும் சீன மாண்டரின் பேசுபவர்கள். எல்2-ஆர்க்டிக் என்ற இன்னொரு தொகுப்பின் 24 பேரில் இந்தி பேசுபவர்கள் உண்டு, தமிழ் பேசுபவர்கள் இல்லை. உங்கள் மாணவர்களின் பதிவுகளுக்கு மூன்று ஆசிரியர்களைத் தனித்தனியே மதிப்பெண் போடச் சொல்லி அதிலிருந்து எடுங்கள். அந்த மூவருக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை என்றால் மாடலைத் தொடாதீர்கள். மதிப்பெண் வழிகாட்டியைத் திருத்துங்கள்.