தேரிக்காட்டு இரவு கேஷ்: கடைசியில் சிரட்டைதான் கை கொடுத்தது

மார்கழி இரவு முழுக்க, விடியக்காலையில் கோயில் ஸ்பீக்கர் பாடத் தொடங்கும் வரை, என் ரிஃப்ளெக்டர்களில் ஒன்றுகூட மங்கவில்லை. இட்டமொழிக்கும் திசையன்விளைக்கும் இடையே தேரியில், அதாவது செம்மணல் மேட்டில், நான் அமைத்துக்கொண்டிருக்கும் இரவு கேஷைத்தான் சொல்கிறேன். ஒளித்துவைத்த டப்பாவை ஜிபிஎஸ் வைத்துத் தேடும் ஜியோகேஷிங் விளையாட்டு இது. இரவு கேஷில் விளக்கு பட்டால் மின்னும் ரிஃப்ளெக்டர்களைத் தொடர்ந்து போய் டப்பாவைப் பிடிக்க வேண்டும். கார்த்திகையிலிருந்து இழுத்துக்கொண்டே இருந்த வேலை. ஒன்பது மணிக்கு நடந்தால் பாதை பளிச்சென்று தெரியும். அதே பாதையில் இரண்டு மணிக்கு நடந்தால் வெறும் பனைமரம்தான் நிற்கும். பனி என்னைப் படாத பாடு படுத்திவிட்டது. தீர்வு கடைசியில் எங்கள் அடுப்படியில் கிடந்தது: தேங்காய்ச் சிரட்டை.

ஏன் தேரி என்று கேட்பவர்களுக்கு: ஆற்றங்கரையில் வைத்துப் பார்த்தாயிற்று. 2023 டிசம்பர் 17, 18 மழையில் (காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அதே மழை) தாமிரபரணிக் கரையில் இருந்த என் டப்பா, அதைச் செருகியிருந்த மரம், மரம் நின்ற கரை எல்லாமே போய்விட்டன. மேற்கே மலைப்பக்கம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். இருட்டிய பின் அங்கே நமக்கு வேலை இல்லை. கூந்தன்குளம் இந்த மாதங்களில் அழகுதான். ஆனால் வலசை வந்த பறவைகள் அடைந்திருக்கும் குளத்தங்கரையில் டார்ச் அடிப்பவனை அந்த ஊர்க்காரர்கள் சும்மா விடமாட்டார்கள், விடவும் கூடாது. பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது. கூடங்குளம், மகேந்திரகிரி இஸ்ரோ மையம், விஜயநாராயணம் கடற்படைத் தளம், இந்த மூன்றின் பக்கமும் ராத்திரியில் ஜிபிஎஸ் கருவியோடு திரியும் எண்ணமே வேண்டாம். மிச்சம் இருப்பது தேரி. சாதாரணமாகப் பெய்கிற மழையை அந்தச் செம்மணல் உறிஞ்சிவிடும், தண்ணீர் அவ்வளவாகத் தேங்காது. அதிலும் வனத்துறைக்குச் சொந்தமான பகுதி உண்டு. அதைத் தொடாமல், நண்பனின் பெரியப்பாவுடைய பனைவிளைக்குள்ளேயே மொத்தப் பாதையையும் முடித்துக்கொண்டேன்.

அனுமதி கேட்கப் போனபோது பெரியப்பா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "டப்பாக்குள்ள ரூவா இருக்காது?" என்றார். இருக்காது என்றேன். "பொறவு எதுக்கு தம்பி தேடுதானுவ?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அவர் சொன்ன இன்னொரு விஷயம் முக்கியம்: "ராத்திரி நெத்தியில லைட்ட மாட்டிக்கிட்டுத் திரிஞ்சா முயல் வேட்டைக்கு வந்தவன்னு நெனச்சிருவானுவ. எதுக்கும் முக்கு டீக்கடையில ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க." இதை கேஷின் இணையப் பக்கத்தில் கட்டாயம் எழுதப் போகிறேன். மண் அள்ள வந்தவன், வேட்டைக்கு வந்தவன், புதையல் தோண்ட வந்தவன், இந்த மூன்றில் ஒன்றாகத்தான் ஊர் நம்மைப் பார்க்கும். டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டுப் போனால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இரவு கேஷ் என்றாலும் தொடக்கப் புள்ளியின் கோஆர்டினேட்டைப் பகலில்தான் எடுத்தேன். நம் பக்கத்துக்கு ஒரு விசேஷம் உண்டு: புவிகாந்த நடுக்கோடு நமக்கு மிக அருகில் ஓடுகிறது. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் ஆய்வகம் வைத்திருப்பதே அதனால்தான். அங்கே கோயில் சிற்பம் பார்க்கப் போகிறவர்கள் யாரும் அதைக் கவனிப்பதில்லை. பொழுது அடைந்த பிறகு இந்தக் கோட்டுக்கு மேலே அயனி மண்டலம் கலங்கி, குமிழி குமிழியாக மேலெழும்பும். அதைக் கடந்து வரும் சாட்டிலைட் சிக்னல் துடிக்கும், சில நேரம் அறுந்தே போகும். பங்குனி, புரட்டாசி வாக்கில் இது மோசம், மார்கழியில் அவ்வளவு இல்லை. சூரியப் புள்ளிகள் கூடுகிற ஆண்டுகளில் தொல்லையும் கூடும். ஆகவே ராத்திரி எட்டரை மணிக்கு அம்புக்குறி தள்ளாடினால் கருவியைத் திட்டாதீர்கள், நள்ளிரவு தாண்டிப் பாருங்கள். திசைகாட்டிக்கும் இதே கதை. ஐரோப்பாவுக்கென்று சமன் செய்த ஊசி நம் ஊரில் ஒரு முனை தாழ்ந்து உள்ளே உரசும். வெளிநாட்டிலிருந்து அத்தான் ஆசையாக வாங்கி வந்தது அப்படித்தான் என் மேசையில் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது. தேரியில் எனக்கு அது தேவைப்படவும் இல்லை. மார்கழியில் நள்ளிரவை ஒட்டி அகத்திய நட்சத்திரம் நேர் தெற்கே நிற்கும். பனை எல்லாம் ஒன்றுபோல இருக்கும் விளைக்குள் அதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

சரி, டேப்புக்கு வருகிறேன். ஃபயர் டாக் என்கிற, மரத்தில் குத்தும் ரிஃப்ளெக்டர் ஊசியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கட்டுப்படியாகாது. அதோடு மரத்தில் ஊசி குத்த எனக்கு மனமில்லை, விளையாட்டின் விதியும் மரத்தைச் சேதப்படுத்தாதே என்றுதான் சொல்கிறது. லாரி எஃப்.சி.க்குப் போகும்போது ஒட்டுவார்களே, முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு, அந்த டேப்தான் எனக்கு. வாங்கும்போது உற்றுப் பாருங்கள். கட்டம் கட்டமாகப் பட்டகம் தெரிகிற ரகத்தை எடுங்கள். கண்ணாடித் துகள் தூவிய மலிவு ரகம் ஈரம் பட்டால் அதோடு சரி. திருநெல்வேலி வண்ணார்பேட்டைப் பக்கம் ஸ்டிக்கர் ஒட்டும் அண்ணாச்சி ஒருவர் வெட்டி மிஞ்சிய துண்டுகளை ஒரு பை நிறையச் சும்மாவே கொடுத்தார். வெள்ளை என்றால் நேரே போ, சிவப்பு என்றால் திரும்பு, இரண்டு வெள்ளை சேர்ந்தால் நில். இவ்வளவுதான் என் பாஷை.

நல்ல ரகத்தையும் பனி விட்டுவைக்கவில்லை. நட்சத்திரம் தெளிவாகத் தெரிகிற இரவில், வானத்தைப் பார்த்திருக்கும் எந்தப் பொருளும் தன் சூட்டை மேலே விட்டுவிட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். மெல்லிய டேப் எல்லாவற்றுக்கும் முந்திக்கொள்ளும். அதில் பனி முத்து முத்தாகக் கட்டும். ஒவ்வொரு துளியும் ஒளியைத் தன் இஷ்டத்துக்கு வளைத்துச் சிதறடிக்கும். வந்த வழியே ஒளியைத் திருப்பி அனுப்புவதுதான் டேப்பின் ஒரே வேலை. அது நடக்கவில்லை என்றால் டேப் இருந்தும் இல்லாததுதான். முதலில் கார் மெழுகு பூசிப் பார்த்தேன். துளிகள் இன்னும் உருண்டையாக நின்றன, இருந்த வெளிச்சமும் போயிற்று. சோப்பு தேய்த்தபோது நேர் எதிராக நடந்தது. தண்ணீர் உருளாமல் படலமாகப் பரவி, ஒளி ஒழுங்காகத் திரும்பியது. ஆனால் ஒரு தூறல் விழுந்தால் சோப்பு ஓடிப்போகும். வாரம் ஒருமுறை போய்ச் சோப்பு போட இது என்ன வீட்டு மாடா?

வடலிகளில் (இளம் பனைகளில்) மட்டைக்கு அடியில் ஒளிந்திருந்த ஓரிரு துண்டுகள் மட்டும் விடிய விடிய மின்னியதைக் கவனித்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. வானம் தெரியாத இடத்தில் பனி கட்டாது. அப்படியானால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கூரை வேண்டும். பிளாஸ்டிக் மூடி, பிவிசி குழாய் எல்லாம் பகலில் அசிங்கமாகத் தெரியும். சிரட்டை பனையின் நிறத்தோடு ஒட்டிக்கொள்கிறது, தடிமனாக இருப்பதால் சீக்கிரம் குளிர்வதும் இல்லை.

செய்முறையில் கவனிக்க வேண்டியது இவைதான். கண் உள்ள பாதியை எடுங்கள். மூன்றில் ஒரு கண் சுலபமாகத் திறந்துகொள்ளும், அடுத்ததை ஆணியைக் காய்ச்சிக் குத்த வேண்டும். நார் கோக்க இரண்டு துளை போதும், மழைத் தண்ணீர் உள்ளே போனாலும் நிற்காது. உள்ளே ஒட்டியிருக்கும் தேங்காயைச் சுத்தமாகச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, நல்ல வெயிலில் காயவையுங்கள். கொஞ்சம் மிச்சம் வைத்தாலும் எறும்பில் தொடங்கி அணில் வரை விருந்துக்கு வரும். குழிந்த பரப்பில் இந்த டேப் படியாது, மடங்கி வெடிக்கும். அதனால் மருந்து டப்பா மூடியின் தட்டையான பகுதியை வெட்டி, அதன்மேல் டேப்பை ஒட்டி, சிரட்டையின் அடியில் எம்-சீல் வைத்து உட்கார்த்தினேன். பிறகு பனை நாரால் வடலி மட்டையில், நெஞ்சு உயரத்தில், வாய் சற்றே கீழே சாய்ந்திருக்கும்படி ஒரு கட்டு. மட்டை ஓரத்துக் கருக்கு கையைப் பதம் பார்க்கும். கையுறை இல்லாமல் இறங்காதீர்கள்.

கட்டுவது பெரிய விஷயம் இல்லை, குறி பார்ப்பதில்தான் உயிர் போகிறது. சிரட்டையின் விளிம்பு மறைப்பதால் டேப் ஒரு குறுகிய கோணத்தில் மட்டும்தான் தெரியும். இரண்டு அடி தள்ளி நின்றால் இருட்டு. ஆகவே ஒவ்வொரு சிரட்டையும் முந்தைய பனையடியில் நிற்பவனின் நெற்றியை நேராகப் பார்த்திருக்க வேண்டும். நெற்றி என்று சொல்வது சும்மா இல்லை. ஒளி புறப்பட்ட இடத்துக்கே திரும்புவதால், டார்ச்சை இடுப்பருகே பிடித்தால் கண்ணுக்கு வருவது சொற்பம். நெற்றி விளக்குதான் வேண்டும். நான் முந்தைய பனையில் நெற்றி விளக்கோடு உட்கார, நண்பன் அடுத்ததில் சிரட்டையைத் திருப்ப, நடுவில் செல்போன். "இடது பக்கம் திருப்புலே." "உனக்கு இடதா எனக்கு இடதாலே?" இருபது முப்பது மீட்டர் இடைவெளிதான், சத்தம் போட்டாலே கேட்கும். ஆனால் ஊர் விழித்துக்கொள்ளும். கடைசியில் சிரட்டை விளிம்பில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, "சாக்பீஸ் கோட்ட முந்தின பனைக்குக் காட்டு" என்கிற மாதிரி ஏற்பாட்டுக்கு வந்தோம். சரியான கோணம் வந்ததும் இருட்டில் ஒரு வெள்ளைப் பொட்டு குபீரென்று எரியும் பாருங்கள், அதற்காக இன்னும் நூறு சிரட்டை சுரண்டலாம். குறுகிய கோணத்தில் ஒரு லாபமும் இருக்கிறது: வண்டிப்பாதையில் பைக்கில் போகிறவர் கண்ணில் ஒன்றுகூடப் படாது.

இரவில் தேரிக்குப் புதிதாக வருகிறவர்கள் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. நெற்றி விளக்கைப் போட்டதுமே தரை முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாக ஊசிமுனை அளவில் மின்னும். "அந்தா ஒண்ணு, அந்தா ஒண்ணு" என்று நண்பன் முதலில் துள்ளினான். போய்ப் பார்த்தால் எட்டுக்கால் பூச்சி. அதன் கண்ணும் ஒளியைத் திருப்பி அனுப்புகிற ரகம்தான். மணலில் செக்கச்செவேலென்று ஒரு கங்கு கிடந்தால் அது பக்கிப் பறவையின் கண். நெருங்கினால் காலடியிலிருந்து விசுக்கென்று எழுந்து பறக்கும், நெஞ்சு ஒரு துடிப்பை விட்டுவிடும். புல் நுனிப் பனியும் மின்னும், ஆனால் தலையை அசைத்தால் நிறம் மாறும். அதனால்தான் நெஞ்சுக்குக் கீழே எதையும் கட்டவில்லை. கீழே மின்னுவது எதுவும் நம்முடையது இல்லை என்று ஹின்ட்டிலேயே போட்டுவிடுவேன். சுருட்டை விரியன் உள்ள மண் என்பதால் கீழேயும் ஒரு பார்வை இருக்கத்தான் வேண்டும். கணுக்கால் மூடிய ஷூ இல்லாமல் வராதீர்கள்.

விளக்கு பற்றிக் கேட்பீர்கள். ஆன்லைனில் பத்தாயிரம் லூமன் என்று போட்டு விற்ற ஒன்றை நண்பன் வாங்கினான். அந்தப் பத்தாயிரத்தை யார் எண்ணினார்களோ. அதில் வந்த வெளிச்சத்தைவிட அதைத் தேடி வந்த பூச்சிதான் அதிகம், பாதி இரவு பூச்சியைத் துப்புவதிலேயே போயிற்று. நூறு நூற்றைம்பது லூமன் தாராளம். டேப் நன்றாக இருந்தால் விளக்கு சுமாராக இருந்தாலும் போதும்.

கடைசி டப்பா இன்னும் வைக்கவில்லை. பிலிம் டப்பா வேண்டவே வேண்டாம், ஒரு ஐப்பசியில் உள்ளே மீன் வளர்க்கலாம். தண்ணீர் பாட்டில் ஊதுவதற்கு முன்னால் கெட்டியான சோதனைக்குழாய் வடிவில் வருமே, ப்ரீஃபார்ம், அது மூடியோடு கிடைத்தால் மழைக்கு அசையாது. பாட்டில் தயாரிக்கும் ஒரு இடத்தில் கேட்டேன், மூட்டைக் கணக்கில்தான் கொடுப்பார்களாம். நான்கைந்து பேர் பங்கு போட்டால் வாங்கிவிடலாம், வேண்டியவர்கள் சொல்லுங்கள். உள்ளே பென்சில் மட்டும்தான் வைப்பேன், ஈரத்தாளில் பேனா எழுதாது. எங்கே வைப்பது என்பதில்தான் இழுபறி. நான் பார்த்துவைத்த பனையைச் சுற்றிப் பெரியப்பா பனங்கிழங்குப் பாத்தி போட்டிருக்கிறார். பொங்கலுக்குக் கிழங்கு பிடுங்கும்வரை அந்தப் பக்கம் யாரும் மிதிக்கக் கூடாது என்பது உத்தரவு. தை பிறந்த பிறகுதான் கேஷைச் சரிபார்த்து வெளியிடும் ரிவ்யூவருக்கு அனுப்ப முடியும். தேடும் கடினத்துக்கு மூன்றரை, நடக்கும் தரைக்கு மூன்று என்று மதிப்பு போடலாம் என்று இருக்கிறேன், முள் உண்டு என்கிற அடையாளமும் சேர்த்து.

சிரட்டைக்குள் பல்லி குடியேறுவதும், அதன் வாயில் எட்டுக்கால் பூச்சி வலை பின்னி வெளிச்சம் மங்குவதும் இனிமேல் வரப்போகும் தொல்லை. ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ் பையிலேயே கிடக்கிறது.

அதற்குள் அடுத்த ஆசை வந்துவிட்டது: புற ஊதா மை. வெறுங்கண்ணுக்குத் தெரியாத மையில் காவோலையில் (காய்ந்த பனையோலையில்) எண்களை எழுதி, யூவி டார்ச் அடித்தால் மட்டும் படிக்கிற மாதிரி. நோட்டுச் சரிபார்க்க விற்கிற 395 நானோமீட்டர் டார்ச்சில் ஊதா வெளிச்சமே கண்ணை மறைக்கிறது, 365 தான் சரிப்படும். சோதித்துப் பார்க்க அந்த 395-ஐயே விளையில் அடித்தேன். மை லேசாகத் தெரிந்தது. அதைவிடப் பளிச்சென்று நீலப்பச்சையில் மின்னியவை தேள்கள், யூவி பட்டால் அவற்றின் ஓடு ஒளிரும். இத்தனை பேர் இந்த விளையில் குடியிருப்பது இதுவரை எனக்குத் தெரியாது. நம்பிக்கையான 365 டார்ச் மதுரைக்கு இந்தப் பக்கம் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லவும். தேள் விஷயத்தை நண்பனிடம் இன்னும் சொல்லவில்லை, சிரட்டை திருப்ப ஆள் வேண்டுமே.