உடைந்த ஆணியும் பூட்டிய அறையும்

உள்ளே தாழிட்ட அறை, அதற்குள் பிணம், கொலை செய்தவரை மட்டும் காணோம். இந்தப் புதிருக்கு நல்ல பாடம் எட்கர் ஆலன் போ 1841இல் எழுதிய பாரிஸ் கதையான 'ரூ மார்க் கொலைகள்'. கொலையாளி யார் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. அந்தக் கதையின் அழகு ஜன்னலில் இருக்கும் ஓர் ஆணியில்தான் இருக்கிறது.

மேலே தூக்கித் திறக்கும் ஜன்னல்கள் இரண்டு. இரண்டிலும் துளையிட்டு, ஏறக்குறையத் தலைவரை தடித்த ஆணி இறக்கியிருக்கிறது. போலீஸ் அதோடு ஜன்னல்களை விட்டுவிடுகிறது. கதையில் துப்பறிபவரான டூபின் முதல் ஆணியைப் பிடுங்கிவிட்டுத் தூக்கிப் பார்க்கிறார்; அசையவில்லை. அப்படியானால் மறைவாக ஒரு ஸ்பிரிங் இருந்தாக வேண்டும். தேடினால் இருக்கிறது. வெளியேறியவர் ஜன்னலை இறக்கினால் ஸ்பிரிங் தானே மாட்டிக்கொள்ளும், ஆனால் ஆணியை வெளியிலிருந்து செருக முடியாது. ஆகவே இது வழியில்லை, மற்றதுதான்.

அங்கேயும் அதே ஸ்பிரிங், அதே மாதிரி ஆணி. பலரும் இங்கே தங்கள் ஊகத்தையே சந்தேகிப்பார்கள். டூபின் ஆணியைத்தான் சந்தேகிக்கிறார். தொட்டதும் கால் அங்குலத் தண்டோடு தலை கையில் வந்துவிடுகிறது, மீதி துளைக்குள். தலைத்துண்டு கீழ்ச் சட்டத்தில் பதிந்திருப்பதால் ஜன்னலோடு ஏறி, இறங்கும்போது பழைய இடத்தில் பொருந்திவிடும். பார்வைக்கு முழு ஆணி! முறிந்த இடத்தில் துரு. அதாவது யாரும் திட்டமிட்டு உடைக்கவில்லை. பலவீனம் என்றால் இந்தத் தற்செயல் ஒன்றுதான்.

திட்டமிட்ட தந்திரங்களை ஜான் டிக்சன் கார் தன் 1935 நாவலான 'த ஹாலோ மேன்' 17ஆம் அத்தியாயத்தில் துப்பறிபவரின் வாயாலேயே வகைப்படுத்துகிறார். சாவித் தலையின் வளையத்தில் மெல்லிய கம்பியைச் செருகி, அதில் கட்டிய நூலைக் கதவடியில் விட்டு வெளியிலிருந்து இழுப்பது ஒன்று. கம்பி நெம்புகோலாகிச் சாவியைத் திருப்பும். பிறகு நழுவி விழும், நூலோடு இழுத்துக்கொள்ளலாம். கதவடியில் இடைவெளி இல்லையென்றால் நடக்காது. பூட்டு இறுகியிருந்தால் நூல் அறுந்துவிடும். தாழ்ப்பாளைப் பனிக்கட்டியால் தாங்கி, உருகியதும் விழச் செய்தால் தரையில் ஈரம் காட்டிக்கொடுக்கும்.

எல்லாவற்றிலும் எளியதுதான் கண்டுபிடிக்கக் கடினமானது. வெளியே பூட்டிச் சாவியைக் கையிலேயே வைத்துக்கொள்வது. பிறகு எல்லோர் முன்னிலும் கதவுப் பலகையை உடைத்துக் கையை உள்ளே விட்டு, "சாவி உள்ளேதான் இருக்கிறது" என்பது. அப்படிப்பட்ட கதை கையில் கிடைத்தால், கதவை உடைக்கும் பக்கத்தை மட்டும் இரண்டாம் முறை படியுங்கள்: உள்ளே முதலில் கை விட்டவர் யார்?