ஆட்சேபனைக் கடிதத்துக்கு முத்திரை வாங்குவதற்குள்...

ஆலைத் திட்டத்துக்கு எதிராகப் பல ஊர்க்காரர்கள் எழுதிய ஆட்சேபனைக் கடிதங்கள் ஒருவழியாகப் பதிவேட்டில் ஏறிவிட்டன. எழுதுவதைவிட அவற்றை வாங்க வைப்பதுதான் பெரும்பாடு.

"வெளியூர்க்காரங்க கொடுக்க முடியாது. கூட்டத்துக்கு வந்து பேசுங்க" என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தின் தபால் பிரிவில் திருப்பி அனுப்பினார்கள். கூட்டம் என்றது பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தை. இது தவறு. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் 7-ஆம் பத்தி தெளிவாகச் சொல்கிறது: பாதிக்கப்படும் உள்ளூர் மக்களுக்கு நேரடிக் கூட்டம், திட்டத்தில் அக்கறையுள்ள மற்றவர்களுக்கு எழுத்து மூலக் கருத்து. அந்தப் பக்கத்தை அச்செடுத்து மேசையில் வைத்த பிறகுதான் வாங்கினார்கள். அது கையில் இல்லாமல் போகாதீர்கள்.

அடுத்த இழுத்தடிப்பு, ஆலையால் சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு என்று நிறுவனம் தரும் மதிப்பீட்டு அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம். "அதிகாரி கேம்ப் போயிருக்கார், பீரோ சாவி அவர்கிட்ட" என்றார்கள். கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு என்பதுதான் விதி. அதில் போகிற ஒவ்வொரு நாளும் நமக்குத்தான் நஷ்டம். அறிக்கை பார்வைக்குக் கிடைக்கவில்லை என்பதையே தேதியோடு முதல் ஆட்சேபனையாக எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஒரே வாசகத்தை அச்சடித்துக் கையெழுத்து மட்டும் வாங்காதீர்கள். கட்டுக்கட்டாகக் கொடுத்தாலும் அதிகாரிகளின் குறிப்பில் ஒரே வரியாகிவிடும். ஒரு கடிதத்துக்கு ஒரு கேள்வி. அறிக்கையின் அத்தியாயம், பக்க எண் அவசியம். ஆலையைச் சுற்றி 10 கிலோமீட்டர் தூரத்தைக் காட்டும் வரைபடத்தில் எந்த ஏரி விடுபட்டிருக்கிறது, நீர் மாதிரி எந்த மாதங்களில் எடுத்தது என்று பாருங்கள். பெரும்பாலும் மழைக்காலம் தவிர்த்த ஒரே பருவத்துத் தரவுதான் இருக்கும்; வெள்ளம் ஓடும் ஓடை அதில் வறண்ட பள்ளமாகத் தெரியும். "எங்கள் மண்ணைக் காப்பாற்றுங்கள்" என்பது நியாயமான வேண்டுகோள்தான், ஆனால் பதில் சொல்லாமல் தாண்டிவிடலாம். சுற்றுச்சூழல் சார்ந்த முக்கிய ஆட்சேபனைகளுக்கு நிறுவனம் பதில் சொல்லி, வரைவு அறிக்கையைத் திருத்த வேண்டும் என்கிறது அதே அறிவிக்கை.

பெயர், முழு முகவரி, தேதி, கையெழுத்து, இரண்டு பிரதி. இரண்டாவதில் பெற்றுக்கொண்டதற்கான அலுவலக முத்திரை விழாமல் நகராதீர்கள்.

கூட்டத்தன்று சாப்பாட்டு நேரத்தோடு பாதிப்பேர் கிளம்பிவிடுவார்கள். கடைசியில்தான் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசிப்பார்கள். விடுபட்டதைச் சொல்ல அதுதான் நேரம். முதல் வாசிப்பில் "நீர்நிலை குறித்துப் பேசினர்" என்று மட்டுமே இருந்தது. எழுந்து நின்று கேட்டதும் ஏரியின் பெயரும் சர்வே எண்ணும் சேர்ந்தன.